ஆறு கோடு ஆட்டம்

எங்கள் முட்டுச் சந்து முன்பெல்லாம் ஒரே திசையில்தான் இருந்தது. சூரியன் நேற்று எந்த மொட்டை மாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததோ இன்றும் அதே மொட்டை மாடிக்குப் பின்னாலிருந்துதான் எட்டிப் பார்க்கும், சந்தின் வாய் நேற்று எந்த டீக்கடைக்கு எதிரே திறந்ததோ இன்றும் அதே டீக்கடைக்கு எதிரேதான் திறக்கும், கிழக்கு பார்த்த வாசல்காரர்கள் அதைத் தாங்களே பாடுபட்டுச் சம்பாதித்ததுபோல நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள், தெற்கு பார்த்த வாசல்காரர்கள் நிலைப்படிக்கு மேலே ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். கோயமுத்தூரில் மற்ற தெருக்கள் எப்படியோ பூங்கொடி நகரும் அப்படித்தான் இருந்தது. அதைக் கெடுத்தவர் என் எதிர்வீட்டு கனகசபாபதி சார். கெடுத்தார் என்று இப்போது சொல்கிறேன், அப்போது நாங்கள் எல்லாரும் அதற்கு முன்னேற்றம் என்றுதான் பெயர் வைத்திருந்தோம்.

கனகசபாபதி சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாழ்நாள் வேலை கையெழுத்தை ஒத்துப் பார்ப்பது. ஒரு சுழி கூடினாலும் ஒரு புள்ளி விலகினாலும் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார், அப்படி அவர் திருப்பி அனுப்பிய காகிதங்களை அடுக்கியிருந்தால் மருதமலைக்கு இன்னொரு படிக்கட்டே கட்டியிருக்கலாம். அடுத்தவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனால்கூட முதலில் சுவரில் இருக்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்கும் கோயிலுக்கும் கிளம்ப, இவர் ஏதோ ஒரு பட்டறையில் கழித்துப் போட்ட பழைய லேத் ஒன்றை வாங்கி வந்தார். காரைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கார் ஷெட்டில் அதை உட்கார வைத்தார். இந்த ஊரில் இதெல்லாம் ஒரு பெரிய கிறுக்கில்லை, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

லேத்தில் கடையவேண்டிய இரும்பை மூன்று தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழல்கிற பாகத்துக்கு சக் என்று பெயர். இந்த சக் ஆடியது. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இல்லை, ஒரு உருளையைக் கவ்வவைத்து அதன்மேல் ஆட்டத்தை அளக்கிற டயலின் முனையைத் தொடவைத்துக் கையால் சுற்றினால் டயலின் முள் ஆறு கோடு போய் ஆறு கோடு திரும்பி வரும். ஆறு கோடு என்றால் எவ்வளவு என்று எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சென்னியப்பன் விசாரித்தபோது, தலைமுடி ஒன்றின் கனம் என்றார் சார்.

"ஏனுங் சார், ஒரு முடி கனத்துக்கா இத்தன பாடு?"

"செக்குல ஒரு சுழி மாறியிருந்தா உமக்குப் பணம் குடுத்திருப்பனா?"

சென்னியப்பன் அந்த வங்கியில் முன்பு கணக்கு வைத்திருந்தவர், அதனால் பேசாமல் போய்விட்டார்.

அந்த வீட்டில் ஆடியது இரண்டு. ஒன்று சக். இன்னொன்று சாரின் மனைவி சுலோசனா அக்காவின் வலது கை. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, கரண்டியையோ டம்ளரையோ எடுத்தால் போதும், கை தன் இஷ்டத்துக்கு நடுங்க ஆரம்பித்துவிடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உயிருக்கு ஒன்றும் ஆகாது, இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அக்கா பழகிக்கொண்டார். சார் பழகவில்லை. சாம்பார் மேசையில் சிந்தும்போதெல்லாம் பொருந்தாத கையெழுத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"ஒரு கரண்டிய நேரா புடிக்க முடியாதா உன்னால?" என்று அவர் கேட்டது தெருவுக்கே கேட்டது.

அதன் பிறகு அக்கா அவரோடு சாப்பிட உட்காரவில்லை. "நான் திங்கறதப் பாத்தா அவியளுக்கு முகம் சுருங்குது தனம்," என்று தன் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொன்னார். "அதான் அவிய சாப்ட்டு எந்திரிச்சதுக்கப்புறம் அடுப்படியில தனியா உக்காந்துக்கறேன். யாரும் பாக்கலீன்னா அவ்வளவா ஆடறதில்ல." சொல்லும்போது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

சார் அந்தக் கையை விட்டுவிட்டு சக்கோடு மல்லுக்கட்டப் போனார். மூன்று தாடையையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், பல்லிடுக்கில் இருந்த பழைய இரும்புப் பிசிறை எல்லாம் ஊசியால் நோண்டி எடுத்தார், சக்குக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டைக் கடைந்து மட்டமாக்கினார், தாடைகள் ஒரு வளையத்தை இறுகக் கவ்விக்கொண்டிருக்க, குட்டிச் சாணைக்கல் ஒன்றை உள்ளே விட்டு மூன்றின் வாயையும் ஒரே வட்டத்துக்குத் தேய்த்தார். அக்கா காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமானது, எங்கள் வீட்டுச் சட்னியில்கூட இரும்பு வாசம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் முள் ஆறு கோடு ஆடியது. மறுபடி கழற்றிப் பார்த்தால் சக்குக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நரைத்த நீள முடி. இனி கார் ஷெட் பக்கம் வந்து தலை வாரினால் நடக்கிறதே வேறு என்று அவர் போட்ட சத்தத்தில் அக்கா அன்று முழுக்க வெளியே வரவில்லை. முடியை எடுத்து எறிந்துவிட்டு, துடைத்து, மாட்டி, போல்ட்டை முறுக்கி, சுற்றிப் பார்த்தார். முள் நின்றது. பூஜ்யத்தில் நின்றது நின்றபடியே இருந்தது.

சுவிட்சைப் போட்டார். கவ்வியிருந்த உருளை சுழலத்தான் செய்தது, ஆனால் ஆட்டம் துளியும் இல்லாததால் அது சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. சக்குக்கும் தெரியவில்லை. தான் நிற்பதாக அது முடிவு செய்துகொண்டது. மோட்டாரோ ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிற மோட்டாருக்கு எதையாவது சுற்றியாகவேண்டும், அதனால் சக்கை நடுவில் வைத்துக்கொண்டு எங்கள் சந்து சுற்ற ஆரம்பித்தது. லேத் படுத்த வாக்கில் இருப்பதால் தெரு தலைகுப்புறத்தான் புரண்டிருக்கவேண்டும் என்று சென்னியப்பனின் இன்ஜினியர் மருமகன் பின்னால் ஒரு நாள் விளக்கினார். தெரு அவ்வளவு படிக்கவில்லை. அது பாட்டுக்குத் தட்டாமாலை சுற்றுகிற குழந்தைபோலப் படுக்கைவாட்டில் சுற்றியது, ஆனால் குழந்தையின் வேகம் இல்லை, அரசாங்க ஆபீசில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு விண்ணப்பம் போகிற வேகம்.

மின்சாரக் கம்பிகள் நீண்டு கொடுத்தன. பக்கத்துத் தெருக்காரர்களின் மதில்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன. தண்ணீர்க் குழாய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது, தண்ணீர் வந்தால்தானே தெரியும். காலையில் டீக்கடைக்கு எதிரே திறந்த சந்து, சமையல் முடிகிற நேரத்தில் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்துக்கு வந்து எச்சில் இலை வாசத்தை எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கும், வெயில் சாய்ந்ததும் மதுக்கடை வாசலில் வந்து நிற்கும். எங்கள் தெரு ஆண்கள் அதற்கு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

முதலில் பதறியவர் வாஸ்து மருதாசலம். இந்தத் தெருவில் அவர் சொல்லிப் படிக்கட்டை இடித்தவர்கள் உண்டு, கக்கூசை இடம் மாற்றியவர்கள் உண்டு, நல்ல கிணற்றை மூடியவர்களும் உண்டு. ஈசானிய மூலையில் இருந்த பூஜையறை தேநீர் நேரத்துக்குள் எமன் மூலைக்குப் போய்விட்டால் மனிதர் என்னதான் செய்வார். ஆனால் அவருடைய பதற்றம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. எந்த வீட்டு வாசல் எந்த நேரத்துக்குக் கிழக்கைப் பார்க்கும் என்று குறித்துக்கொடுக்க ஆரம்பித்தார், அந்த நேரத்தில்தான் நாங்கள் பால் காய்ச்சினோம், குழந்தைக்குச் சோறூட்டினோம், கொடுக்கல் வாங்கலில் கையெழுத்துப் போட்டோம். ஆயுள் முழுக்கத் தெற்கு வாசலில் தலை குனிந்து கிடந்தவர்கள் தினம் கொஞ்ச நேரம் கிழக்கு வாசல்காரர்களாக நெஞ்சு நிமிர்த்தினார்கள். நானும் நிமிர்த்தினேன், என் வீடு தெற்கு.

சங்கம் கூடியது. லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள், எல்லா வீட்டுக்கும் திசை சமமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மெதுவான ஓட்டத்தில் நிற்காமல் ஓடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், கனகசபாபதி சாரைச் சங்கத் தலைவராக்கினார்கள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. கால் மேல் கால் போட்டு டயல் முன்னால் உட்கார்ந்து, பூஜ்யத்தைக் குலதெய்வத்தைப் பார்ப்பதுபோல நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பூஜ்யத்தை வைத்துக்கொண்டு அவர் ஓர் ஆணிகூடக் கடையவில்லை, கத்தி பட்டால் சக்குக்கு அதிரும் என்றார். லேத்தை வாங்கியதே கடைவதற்குத்தான் என்பது அவருக்கும் மறந்துபோனது, எங்களுக்கும் மறந்துபோனது.

சென்னியப்பனின் இளைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர் வீட்டு வாசல் கிழக்கில் வந்து அமருகிற நேரமாகப் பார்த்து மருதாசலம் குறித்துக் கொடுத்திருந்தார், பெண்ணும் தட்டோடு கிளம்பிவிட்டாள். அதே நேரத்தில் எதிர் வரிசையில் சுலோசனா அக்கா சாருக்குக் காப்பி கொண்டுபோனார். கை நடுங்கி டம்ளர் லேத்தின் மேல் டக்கென்று இடித்தது. முள் துள்ளியது, தெருவே ஒரு குலுக்குக் குலுங்கியது, சென்னியப்பன் வீடு கிழக்கைத் தாண்டிப் போய் நின்றது. மாப்பிள்ளையின் தாயார் திசையைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். அந்தப் பையனுக்குக் கோள் சொல்வதைத் தவிர வேறு வேலை தெரியாது என்று அந்தப் பெண் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

சாயங்காலமே சங்கம் கார் ஷெட்டில் கூடியது. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றார் சென்னியப்பன். "உங்க கையி நம்ம தெருவையே ஆட்டி வெக்குதுங்க. ஓசூர்ல மக வீடு இருக்குதில்லீங்களா, அங்க போயி நல்லா ரெஸ்ட் எடுங்க. காரெல்லாம் சங்கமே ஏற்பாடு பண்ணீரும்."

"எத்தன நாளைக்குங்க?" என்று அக்கா கேட்டார்.

சென்னியப்பன் போனை எடுத்து கார்க்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மருதாசலம், "அங்க மக வீடு கெழக்கு பாத்த வீடுதானுங்களே, ஒரு கொறையும் வராதுங்க," என்றார்.

அக்கா கணவரைப் பார்த்தார். கனகசபாபதி சார் டயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது. அவர் கன்னத்தில் ஒன்று விடவேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தார்.

கார் வந்த அன்று டிரைவர் சென்னியப்பனுக்குப் போன் செய்தார். "மண்டபத்துக்குப் பின்னாடி நிக்கறனுங்க, உங்க தெருவக் காணமுங்க." கொஞ்சம் பொறுங்கள், தெரு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, சந்தின் வாய் மண்டபத்துக்குப் பின்னால் வந்ததும் லேத்தை நிறுத்தச் சொன்னார்கள். அவசரத்தில் நிறுத்தியதால் எந்த வீடும் எந்தத் திசையையும் பார்க்காமல் எல்லாம் மூலை பார்த்துக் கோணலாக நின்றன. அஞ்சு நிமிஷம்தானே, அக்கா ஏறியதும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். வழியனுப்ப ஆளுக்கொரு பையில் ஆரஞ்சும் மைசூர்பாகும் கொண்டுவந்து கார் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவரை விரட்டும்போது நாங்கள் குறை வைப்பதில்லை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு கார் ஷெட்டுக்குள் போனேன். சார் டயல் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா கையில் ஒரு டம்ளர் காப்பி, பாதி ஏற்கெனவே டபராவில் இருந்தது.

"உங்க மாத்திர டப்பா அலமாரியில மேல் தட்டுல இருக்குங்க. தோச மாவு ரெண்டு நாளைக்கு வரும்," என்றார். "லேத்துக்குக் கிட்ட வரலீங்க. இங்கயே வெச்சர்றேன்."

தள்ளி நின்று தரையில் டம்ளரை வைக்கக் குனிந்தார். கை நடுங்கியது. அங்கே அவரைப் பார்க்கிறவர்கள் நானும் சாரும் மட்டும்தான், ஆனாலும் அந்தக் கை எப்போதும் ஆடாத ஆட்டம் ஆடியது. காப்பி தரையெல்லாம் சிந்தியது. அக்கா பயந்துபோய் டயலைப் பார்த்தார். மனுஷி தன் கையைப் பார்க்கவில்லை, சிந்திய காப்பியைப் பார்க்கவில்லை, புருஷனின் முள் ஆடிவிட்டதா என்று பார்த்தார். கனகசபாபதி சார் அதைப் பார்த்துவிட்டார்.

அவர் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"நில்லு சுலோ," என்றார். தோளில் சேலையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த நரைத்த முடி ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். பிறகு லேத்திடம் போய் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கை ஒரு நூல் அளவு முன்னால் இழுத்து, அந்த முடியைத் தட்டின் மேல் எண்ணெய் தொட்டு ஒட்டினார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? எத்தன பாடுபட்டீங்க அதுக்கு!"

"ஆடட்டும் விடு," என்றார் சார். "நீ போனா நான் யாரு கூட உக்காந்து சோறு திங்கறது?"

"இப்பவும் நீங்க தனியாத்தான திங்கறீங்க."

சார் போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். முள் ஆறு கோடு போனது, ஆறு கோடு திரும்பி வந்தது. சக் சுழல்வது கண்ணுக்கே தெரிந்தது, சக்குக்கும் தெரிந்தது. தெரு அசையவில்லை.

வெளியே மைசூர்பாகோடு நின்றவர்கள் லேத் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக் கிழக்கு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சென்னியப்பன் உள்ளே ஓடி வந்தார்.

"சார், தெரு சுத்தமாட்டீங்குது! எல்லா வீடும் மூலைக்கு நிக்குதுங்க!"

"சக் ஆடுது," என்றார் சார். "சரிபண்ண முடியாது. இவ ஓசூர் போகல. போல்ட்டு மேல எவனாவது கை வெச்சான்னா கைய ஒடிச்சுப் போடுவேன்."

சங்கம் ஏற்பாடு செய்த கார் வீணாகவில்லை, அதில் மருதாசலம் ஏறிக்கொண்டார். ஊரில் எந்த சாஸ்திரமும் வாசல் வைக்கச் சொல்லாத திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு தெருவே நிற்கும்போது அவர் இங்கே இருந்து என்ன செய்வார். இன்றுவரை இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. சக்கைச் சரிபண்ணச் சென்னியப்பன் எங்கெங்கிருந்தோ ஆள் கூட்டி வந்தார், டயல்கள் வந்தன, சார் கதவைச் சாத்திக்கொண்டார். சங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டது, அந்தக் கூட்டத்துக்கு அவரே போய் ஆதரவாகக் கை தூக்கினார். எல்லாம் அக்காவின் கை பட்ட தோஷம் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ஒற்றை முடிதான் காரணம் என்று தெரிந்தால் இடுக்கியோடு வந்துவிடுவார்கள், அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. கிழக்கு வாசல்காரரும் இல்லை, தெற்கு வாசல்காரரும் இல்லை, தெருவில் எல்லாரும் இப்போது கோணல் வாசல்காரர்கள்தான், நிமிர்த்துவதற்கு நெஞ்சும் இல்லை, குனிவதற்குத் தலையும் இல்லை. நிலைப்படிக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே மாட்டித் தலை வாரிக்கொள்கிறேன்.

போன வாரம் சார் அந்த லேத்தில் முதல்முறையாக ஒரு பொருள் கடைந்தார். பித்தளையில் ஒரு பிடி, கட்டை விரலைவிடத் தடிமன், நல்ல கனம், நுனியில் ஒரு கரண்டியைச் செருகி ஒட்டியிருந்தார். கனமாக இருந்தால் கை அவ்வளவு ஆடாதாம், யாரிடமோ கேட்டிருக்கிறார். நான் பச்சை மிளகாய் கேட்கப் போனபோது இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்குதுன்னு பாரு தனம்," என்று அக்கா கரண்டியை என்னிடம் நீட்டினார்.

வாங்கி உருட்டிப் பார்த்தேன். அது ஒரு முடி கனத்துக்குக் கோணலாகத்தான் இருந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. சாம்பார் இன்னும் சிந்துகிறது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. சார் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி தன் தட்டில் ஊற்றச் சொல்கிறார்.